கண்ணாடி ஓட்டுக்குக் கீழே

வீட்டை விட்டு வெளியே இறங்காத ஒருத்தி வெயிலுக்குக் கிரீம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்த நோய் எனக்கு வராமல் பக்கத்து வீட்டுக்காரிக்கு வந்திருந்தால் நானும்தான் சிரித்திருப்பேன். ராசிபுரத்துக்கும் நாமகிரிப்பேட்டைக்கும் நடுவே, மஞ்சளும் மரவள்ளியும் விளைகிற ஊர் எங்களுடையது. வேகவைத்த மஞ்சளைக் களம் முழுக்கக் கொட்டி நாள் கணக்கில் காயவைப்பார்கள். அதோடு சேர்ந்து மனிதர்களும் காய்வார்கள். வெயிலுக்குப் பயந்தவன் இங்கே சோறு தின்ன முடியாது.

அப்படிப்பட்ட ஊரில் பிறந்த எனக்கு, வெயில் பட்டால் ஆகாது என்று ஒரு நோய் வந்தது. லூபஸ் என்று பெயர். முதலில் முகத்தில் சிவப்பு. அப்புறம் கை. விரல் கணுக்களை விட்டுவிட்டு, கணுவுக்கும் கணுவுக்கும் நடுவில் மட்டும் சிவந்து தடித்தது. யாரோ வரைந்து வைத்த மாதிரி இருக்கும். சலவை சோடா போட்ட துணி சோப்பு, பாத்திரம் விளக்கும் கட்டி, எது பட்டாலும் எரிச்சல். தோல் வெங்காயச் சருகாக உரிந்தது.

அப்போது நான் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தேன், திருச்செங்கோட்டுப் பக்கம். வீட்டுக்காரர் போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போனால் பொங்கலுக்கோ மாரியம்மன் பண்டிகைக்கோதான் வருவார். முகத்தில் சிவப்பு ஏறியதும் மாமியார் எனக்குத் தனித்தட்டு வைத்தாள். "அம்மா ஊட்டுல போயி வைத்தியம் பாத்துக்கிட்டு வா சாமி, நல்லானதும் வந்து கூட்டிக்கறோம்" என்றாள். சாமி என்றுதான் சொன்னாள், குறையொன்றும் இல்லை. கூட்டிப் போக இன்றுவரை யாரும் வரவில்லை. நோய் ஒட்டுவதில்லை என்று மருத்துவர் சொன்னதை நான் ஃபோனில் சொன்னேன். அந்தப் பக்கம் டி.வி. சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

சேலத்து மருத்துவர் ஒரு பெண். அவர் எனக்கு விளக்கிச் சொன்னார். உடம்பு தன்னையே எதிரியென்று நினைத்துச் சண்டை போடுகிறது. வெயில் பட்டால் அந்தச் சண்டை கூடும். தோலில் தெரிவது கொஞ்சம்தான், விட்டால் சிறுநீரகம் வரைக்கும் போகும். அதனால் மாத்திரையோடு ஒரு சன்ஸ்கிரீன் டியூப். "வீட்டுக்குள்ளயும் பூசணும்மா. ஜன்னல் வெளிச்சமே இதுக்குப் போதும்" என்றார். அப்பா அன்றைக்கு உள்ளே வரவில்லை. பெண் மருத்துவர், பெண் பிள்ளையின் உடம்பு, நமக்கென்ன வேலை என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் வந்து, "வெயில் படக்கூடாதுன்னு சொன்னாங்கப்பா" என்றேன். அவருக்கு அது நன்றாகப் புரிந்தது. வெயில் என்றால் என்னவென்று அவருக்குச் சொல்லித் தர வேண்டுமா? அறுபது வருடம் பிடரியில் வாங்கியவர்.

மறுநாளே ஜன்னல்களுக்கு அட்டை வைத்து ஆணி அடித்தார். அன்றிலிருந்து காலையில் காட்டு வேலைக்குப் போகும் முன் வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பார்.

"பூசிட்டயா சாமி?"

"பூசிட்டனுங்கப்பா."

மத்தியானம் சோற்றுக்கு வந்தாலும் அதே கேள்வி. மற்ற வீடுகளில் சாப்பிட்டயா என்று கேட்பது போல எங்கள் வீட்டில் இது.

பூசுவது சின்ன வேலையில்லை. காரமில்லாத சோப்பில் கையைக் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன் ஒரு களிம்பு. அது உள்ளே இறங்கிய பிறகு சன்ஸ்கிரீன். புறங்கை, விரலிடுக்கு, மணிக்கட்டு வரை. கை கழுவினால் மறுபடி முதலிலிருந்து. பாத்திரம் விளக்குவதை அம்மா என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். எனக்கு வெயிலின் அருமை நிழலில் தெரிந்தது. களத்தில் மஞ்சள் கொட்டுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுகையாக வரும்.

பக்கத்து வீட்டில் அத்தை, அப்பாவின் தங்கை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்றால், எங்கள் அத்தை வாய்க்கு ஊரையே மூடியாகப் போட்டாலும் போதாது.

"ஏம்புள்ள, ஊட்டுக்குள்ளார எந்த வெய்யலு உன்னைய வந்து அடிக்குது? மஞ்சக் காட்டுக்கு நடுவால குடியிருந்துக்கிட்டு டியூப்பு வாங்கிப் பூசற ஒரே பொம்பள நீதான்."

"ஆமாங்கத்தை. மஞ்ச பூசித்தான் உங்க மூஞ்சி இப்பிடி மினுமினுன்னு இருக்குது" என்பேன். அத்தையின் முகம் வறுத்த கடலை நிறம். அம்மா அடுப்படியிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

கை சும்மா இருந்தால் மனசு கண்டதையும் நினைக்கும் என்று அம்மா தையல் மிஷின் வாங்க வைத்தாள். ரவிக்கை தைக்கப் பழகினேன். கிரீம் கை பட்டால் பட்டு ரவிக்கையில் வெள்ளைத் திட்டு விழுந்துவிடும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். புறங்கையில் தாராளமாகப் பூசிக்கொண்டு, விரல் நுனிகளை மட்டும் ஈரத்துணியில் துடைத்துவிட வேண்டும். ஒருத்தி துணியிலும் ஒரு பொட்டு விழுந்ததில்லை. ஆனால் எங்களுடையது தாழ்ந்த ஓட்டு வீடு. ஜன்னலையும் அடைத்த பிறகு பகலிலேயே கண் தெரியாது. கரண்ட் இருந்தால் பல்பு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. ஊசிக் காதைத் தேடி நான் நூலோடு போராடுவதை அப்பா ஒருநாள் நிலைப்படியில் நின்று பார்த்தார்.

அடுத்த சந்தைக்கு ராசிபுரம் போனவர் ஒரு கண்ணாடி ஓட்டோடு வந்தார். துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம், பச்சைப் பிள்ளையைக் கொண்டுவருவது போல. ஏணி வைத்து அவரே ஏறி, மிஷினுக்கு நேர் மேலே ஒரு மண் ஓட்டை எடுத்துவிட்டு அதை வைத்தார். வீட்டுக்குள் வெளிச்சம் ஒரு பலகை அகலத்துக்கு வந்து விழுந்தது. மேலேயிருந்து கேட்டார்.

"ஏஞ்சாமி, இப்பத் தெரியுதா?"

"தெரியுதுங்கப்பா!"

இறங்கி வந்து அந்த வெளிச்சத்தில் கையை நீட்டி வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, நூலை நாக்கில் நனைத்து அவரே ஊசியில் கோத்துக் கொடுத்தார். அந்தத் தடித்த விரலுக்கு முதல் தடவையே நுழைந்தது. என் கல்யாணம் முறிந்து வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எனக்குச் சந்தேகமாக இருந்தது. அடுத்த முறை சேலம் போனபோது தனியாக மருத்துவரிடம் கேட்டேன். கண்ணாடி பாதியைத் தடுக்கும், தோலுக்கு ஆகாத மீதியை உள்ளே விட்டுவிடும் என்றார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு ஓடு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அப்பா மருமகனிடம் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. கோயிலுக்கு வேண்டிக்கொண்டார், நடக்கவில்லை. எனக்கென்று அவரால் செய்து முடிக்க முடிந்தது அந்த ஓடு ஒன்றுதான். அதையும் ஆகாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் கூடுதலாகப் பூசினேன். வெளிச்சம் நகர நகர மிஷினை இந்தப் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு நிழலில் தைத்தேன். மத்தியானம் அப்பா வருவார். "என்ன சாமி இருட்டுல ஒக்காந்துக்கிட்டு?" என்று மிஷினை அப்படியே தூக்கி வெளிச்சத்துக்கு நடுவில் வைப்பார். சோறு தின்றபடி என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அங்கேயே உட்கார்ந்து தைப்பேன். ஊசிக்கு முன்னால் துணியைத் தள்ளிக் கொடுப்பது இடது கை. அந்தக் கைதான் மறுபடி முதலில் சிவந்தது. தையல் நிற்கும்போதெல்லாம் நான் அதை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வேன்.

மழை முடிந்த பருவத்தில் கால் வீங்கியது. சிறுநீர் நுரைத்துப் போனது. சேலத்தில் சேர்த்தார்கள். சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது என்றார்கள். ஊசி, மாத்திரை, முகம் பூசணிக்காய் மாதிரி உப்பி, ஒருவழியாக வீடு வந்தேன். அடுத்த முறை காட்டப் போனபோது அப்பா வெளியே உட்காரவில்லை. "நானும் வாரேன்" என்று கூடவே உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"வீட்ல எங்க உட்கார்ந்து தைக்கிறீங்க? ஜன்னல் பக்கமா?" என்று மருத்துவர் என்னைக் கேட்டார்.

"இல்லைங்க மேடம். ஜன்னலுக்கெல்லாம் அட்டை வச்சு அடைச்சிருக்குது." அதில் பொய்யில்லை.

அப்பாவுக்கு, தன் பங்கைச் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது என்று தோன்றியிருக்கும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இருட்டுல கண்ணு கெட்டுப் போயிருமுன்னு நாந்தானுங்க மேல கண்ணாடி ஓடு போட்டுக் குடுத்தேன். மிஷினுக்கு நேராங்க. நல்ல வெளிச்சமுங்க. பொழுதன்னைக்கும் புள்ள அதுக்கடியிலதான் இருக்குமுங்க."

மருத்துவர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். சொல்லாதீர்கள் என்று தலையை அசைத்தேன். ஆனால் அவர் மருத்துவர், சொல்லித்தானே ஆக வேண்டும்.

"ஐயா, அந்த ஓட்டை எடுத்துடுங்க. கண்ணாடி வழியா வர்றதும் இவங்களுக்கு வெயில்தான்."

"சூடு இல்லீங்களே" என்றார் அப்பா. "கையை வெச்சுப் பாத்தனுங்க மேடம். சூடே இல்லீங்க."

"சூடு இல்லாட்டியும் ஆகாதுங்கய்யா. அதனாலதான் இப்படி ஆச்சுன்னு யாரும் சொல்ல முடியாது. நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

பிற்பாதி அப்பாவின் காதில் விழவில்லை. கும்பிட்டுவிட்டு எழுந்தார். பஸ்ஸில் என்னை உள்பக்கம் உட்கார வைத்து, ஜன்னல் கம்பியில் தன் துண்டைக் கட்டி வெயிலை மறைத்தார். ஆண்டகளூர் கேட் வருகிற சமயத்தில் கேட்டார்.

"உனக்கு முன்னாலயே தெரியுமா சாமி?"

"தெரியாதுங்கப்பா."

மடியில் இருந்த என் இடது கையைப் பார்த்தார். "தெரிஞ்சிருக்கும்" என்றார். அதற்குப் பிறகு ராசிபுரம் வரை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பஸ் ஆட்டம் என்று நினைத்துக்கொள்ள நான் முயன்றேன்.

வீட்டுக்கு வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஏணியை எடுத்துப் போட்டு ஏறி கண்ணாடி ஓட்டை இறக்கினார். மாட்டுக் கொட்டகையில் பத்திரமாக வைத்திருந்த பழைய மண் ஓட்டை அதே இடத்தில் செருகினார். அவர் எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை. வளைந்த ஆணியைத் தட்டி நிமிர்த்தி டப்பாவில் போட்டு வைப்பவர். அந்தக் கண்ணாடி ஓட்டைக் கல்லில் வைத்துக் கடப்பாரையால் உடைத்தார். உடைத்ததை மேலும் மேலும் உடைத்தார். அம்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்த பிறகுதான் நிறுத்தினார். குப்பைமேட்டுப் பக்கம் குழி தோண்டி, யார் காலிலும் குத்திவிடக் கூடாது என்று ஒரு துண்டு விடாமல் பொறுக்கிப் புதைத்தார்.

மறுநாள் காலையில் வாசலிலிருந்து குரல் வரவில்லை. அவரே உள்ளே வந்தார். "கொண்டா" என்று டியூபை வாங்கி என் கையில் பிதுக்கினார். அவரே தேய்த்துவிட்டார். நான் குழந்தையாக இருந்தபோதுகூட அவர் எனக்கு எண்ணெய் தேய்த்ததாக ஞாபகமில்லை. அதெல்லாம் அம்மா வேலை. அவர் உள்ளங்கை அரம். மண்வெட்டிக் காய்ப்பும் வெடிப்புமாக, என் தோலில் பட்ட இடமெல்லாம் சுரீரென்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ என்னையறியாமல் கையை இழுத்துவிட்டேன். அவர் நிறுத்தினார். என் கையைப் பார்க்கவில்லை, தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிறகு நடந்ததை அத்தைதான் வந்து சொன்னாள், வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டு. அப்பா மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து தன் உள்ளங்கைக்குக் களிம்பு தேய்த்துக்கொண்டிருக்கிறாராம். "எங்கண்ணனுக்கு இந்த வயசுல அழகு பாக்கற கிறுக்குப் புடிச்சிருச்சு!" அம்மா விசாரித்தபோது அப்பாவுக்கு வெட்கம். "புள்ளைக்குப் பூசறப்ப குத்துது. அதான்" என்றார். தினம் வேலை முடித்து வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நான் செய்கிற மாதிரியே ஒற்றி எடுத்து, தேங்காய் எண்ணெயோ என் களிம்போ தடவிக்கொள்வார். கொஞ்ச நாளில் வெடிப்பு மூடிக்கொண்டது. "மம்முட்டிப் புடி வழுக்குது" என்று அம்மாவிடம் குறைபட்டுக்கொண்டார், ஆனாலும் விடவில்லை. எனக்கு வலிப்பது நின்றது. பூசிவிடும்போது நாங்கள் அதிகம் பேசியதில்லை. விரலிடுக்கு ஒவ்வொன்றிலும் விரலை விட்டுத் தடவுவார், விதை ஊன்றுகிறவர் மாதிரி, ஓரிடமும் விட்டுப்போகாமல்.

மாசி மாதம் மஞ்சள் வெட்டு நடந்துகொண்டிருந்தபோது காட்டிலேயே அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தூக்கி வண்டியில் ஏற்றும் முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அன்று காலை எனக்குப் பூசிவிட்டுத்தான் போயிருந்தார்.

அடுத்த நாள் எடுப்பதென்று முடிவானது. வாசலில் பந்தல் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். தூரத்து உறவெல்லாம் வந்து சேர உச்சிப்பொழுதாகிவிட்டது. எழவு வீட்டில் கருமாதி முடியும்வரை தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, கண்ணாடி பார்க்கக் கூடாது, முகத்துக்கு ஒன்றும் இடக் கூடாது. எங்கள் பக்கத்து வழக்கம் இது, எனக்கும் தெரியும். ஆனாலும் காலையில் கை தன் பழக்கத்துக்கு அலமாரியிலிருந்து டியூபை எடுத்துவிட்டது. அத்தை பார்த்துவிட்டாள். அழுது அழுது அவளுக்குக் குரலே இல்லை. அந்தக் குரலில் சொன்னாள்.

"அப்பன் வாசல்ல கெடக்கறான். இன்னைக்குமா மூஞ்சிக்குப் பூசோணும்? கொஞ்சமாச்சும் வெக்கம் வேணும்புள்ள."

வேறு நாளாக இருந்தால் அத்தைக்கு ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்திருப்பேன். அன்று டியூபைத் திரும்ப வைத்துவிட்டேன். ஒருநாள் வெயில் பட்டால் என்ன, சிறுநீரகம் போனால் போகட்டும் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

குளிப்பாட்டிக் கோடித் துணி போர்த்தினார்கள். பாடை கட்டுகிறவர்களுக்காகப் பந்தலுக்கு வெளியே, வெட்டவெளியில் கொண்டுவந்து வைத்தார்கள். "பொம்பளைங்க வாய்க்கரிசி போடறவங்க வந்து போடுங்க, நேரமாவுது" என்று பங்காளி ஒருவர் கூப்பிட்டார். நான் நிலைப்படியில் நின்றேன். அதற்கு அப்பால் வாசல் முழுக்க வெயில். வெறும் கையோடு ஒரு காலை வெளியே வைத்தேன்.

அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, அத்தையைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். பாட்டு பாதியில் நின்றது. அத்தையின் கையை விலக்கிவிட்டு எழுந்தாள். அவ்வளவு கூட்டமும் பார்க்க, கழுத்துத் தாலி இன்னும் கழற்றப்படாத அம்மா, தலைமுடி அவிழ்ந்து தொங்க, என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனாள். டியூபை எடுத்து வந்தாள். என்னை நிலைப்படிக்கு உள்ளே இழுத்து நிறுத்தினாள்.

"வேண்டாங்கம்மா" என்றேன். "அல்லாரும் பாக்கறாங்க."

"பூசிக்க சாமி" என்றாள். "உங்கப்பா கேப்பாரு."

அவளே பிதுக்கினாள். அவளுக்கு அளவு தெரியாது, முகம், கழுத்து, கை, விரல் நுனி என்று எல்லா இடத்திலும் அப்பினாள். கண்ணீரும் கிரீமும் கலந்து என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அத்தை எழுந்து வந்தாள். தன் முந்தானையை எடுத்து என் தலைக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு அப்பா கிடந்த இடம்வரை கூடவே வந்தாள்.

அரிசியை அள்ளினேன். வாய் பாதி மூடியிருந்தது. போடும்போது விரல் கன்னத்தில் பட்டு, ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. துணியில்கூட ஒரு பொட்டு விழாமல் பார்த்துக்கொண்டவள் நான். பங்காளி குனிந்து துண்டால் அதைத் துடைக்கப் போனார்.

"உடுங்க" என்றாள் அம்மா. "அது இருக்கட்டும்."

தூக்கிக்கொண்டு போகும்போதும் அது அவர் கன்னத்தில் இருந்தது.